சொல்லாமல் போன கை

நண்பர் ஒருவர் ஹாம் ரேடியோக்காரர். லைசென்ஸ் உள்ளவர், இரவு பதினொன்றுக்கு மேல்தான் உலகத்தோடு பேசுவார். மூன்று கை மாறி வந்த ஒரு எஃப்.டி.101 இருவழி ரேடியோவைக் கையேட்டோடு வாங்கினார். 1970-களில் ஜப்பானில் தயாரான ஸெட். பெரும்பாலும் டிரான்ஸிஸ்டர்கள், ஒலிபரப்பின் கடைசிக் கட்டங்களில் மட்டும் வால்வுகள். கேட்பதில் குறையில்லை. பேசப் போனால் வால்வின் பிளேட் சிவந்தது. புதிதாகப் போட்ட ஜோடியும் மூன்று மாதத்தில் சோர்ந்துவிட்டது.

ஆதியில் அதில் இருந்தது 6ஜேஎஸ்6ஸி. டெலிவிஷன் பெட்டிக்கென்று பிறந்த வால்வு; வால்வு டெலிவிஷன்கள் போனபின் அதுவும் அரிதாகிவிட்டது. யாரோ அதற்குப் பதில் 6146பி போட்டிருந்தார். கால்களின் அமைப்பே வேறு என்பதால் ஸாக்கெட்டை மாற்ற வேண்டும். நியூட்ரலைஸ் செய்யும் கண்டென்ஸரையும் கவனிக்க வேண்டும். எல்லாம் செய்திருந்தார், சுத்தமாகவே. மூடியைத் திறந்ததும் இவ்வளவும் தெரிந்தது. தெரிந்ததில் திருப்தியடைந்தோம். கண்ணில் பட்ட மாற்றமே மாற்றம் முழுவதும் என்று எடுத்துக்கொண்டதுதான் எங்கள் பிழை.

மீதிக்குக் கையேட்டை நம்பினார் நண்பர். பேசாத நிலையில் 60 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும் என்றது கையேடு. மீட்டர் முள்ளை 60-இல் நிறுத்தினார். பிளேட் சிவந்தது. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொரு பாகமாகச் சந்தேகப்பட்டோம் (என் பங்கு டார்ச் பிடிப்பது). முள்ளை மட்டும் சந்தேகப்படவில்லை. கடைசியில் அவர் ஸெட்டை அணைத்து, கண்டென்ஸர்களில் தேங்கிய மின்சாரம் வடிந்தபின், சர்க்யூட் படத்தை மடித்து வைத்துவிட்டுக் கம்பி கம்பியாக ஸெட்டையே படிக்க ஆரம்பித்தார். மீட்டருக்காக வைத்த சிறு ரெஸிஸ்டரின் முதுகில், அதே மதிப்புள்ள இன்னொன்று இணையாகப் பற்றவைத்திருந்தது. ஓம் பாதியாகிவிட்டது. 120 ஓடும்போது முள் 60 காட்டும்.

“அயோக்கியன்” என்றார் நண்பர். எனக்கு அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வரவில்லை. வாங்க வருகிறவர் முன்னால் முள் நல்ல பிள்ளையாக நிற்கட்டும் என்று செய்திருக்கலாம். வேறொரு மீட்டரைப் பொருத்திப் பார்த்து, பழையதையே திரும்ப வைத்தபோது இதை எடுக்க மறந்திருக்கலாம். என்ன செய்தார் என்பதை மல்டிமீட்டர் சொல்லிவிட்டது. ஏன் என்பது அவரோடு போயிற்று.

மாற்றியதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் மாற்றியிராவிட்டால் அது என்றோ காயலான் கடைக்குப் போயிருக்கும். தன் பொருளில் தான் செய்வதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கலாம். அன்று நாங்கள் அவர் பிரக்ஞையிலேயே இல்லை. ஆனால் கையேட்டோடு சேர்த்து விற்றாரே, அங்கேதான் வாதம் இடறுகிறது. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வேறு யாரோ எழுதிய உண்மையான வாக்கியத்தைப் பொய்யாக்கிக் கைமாற்றினார். வார்த்தையில்லாத இந்தப் பொய்க்கு நம் ஒழுக்க நூல்களில் தனிப் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை.

பாங்கில் கையால் எழுதும் வவுச்சரில் எண் தவறினால் அழிக்கக் கூடாது. பழையது படிக்கும்படி ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் குமாஸ்தாத்தனத்தின் உச்சம் என்று எண்ணிச் சிரித்திருக்கிறேன்.

நண்பர் இப்போது மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். தேதி, மாற்றிய பாகம், காரணம். கடைசி வரி: “இரண்டாவது ரெஸிஸ்டரை நீக்கினேன். அது ஏன் இருந்தது என்று தெரியாது.”

இதைப் படித்தபோது எனக்கு இந்தப் பத்திரிகையின் ஞாபகம்தான் வந்தது. இரண்டு வருஷம் முன்பு இங்கே வந்த ஒரு கவிதையில், ஃபாரம் அச்சுக்குப் போகும் அவசரத்தில், ‘வெளிச்சம்’ என்றிருந்ததை ‘வெயில்’ ஆக்கினேன். கவிஞரைக் கேட்கவில்லை. அவர் தொகுப்பிலும் ‘வெயில்’ என்றே வந்திருக்கிறது. ஒரு மதிப்புரையாளர் குறிப்பாக அந்தச் சொல்லையே பாராட்டினார். கையெழுத்துப் பிரதி என்னிடம் இல்லை. என்ன காரணத்துக்காக மாற்றினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அந்தக் கவிஞருக்கு இந்த இதழும் வழக்கம்போலப் போகும்.