காயினுக்கு எத்தனை லைஃப்

2024 மார்ச்சில் ‘கான்ட்ரா: ஆபரேஷன் கலூகா’ கேம் வெளிவந்த சமயம், மாத்தூரில் இருக்கும் என் பள்ளித் தோழன் போன் போட்டுச் சண்டைக்கு வந்துவிட்டான். “லைஃப் பார் வெச்சா அது கான்ட்ராவாடா? ஒரு குண்டு பட்டா செத்துடணும். அதான்டா கான்ட்ரா!” நாற்பதைத் தாண்டியவன், நைட் ஷிப்ட் முடித்து வந்த களைப்போடு அரை மணி நேரம் பேசினான். பழைய ஆக்‌ஷன் கேம் வரிசைகளில் புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் ஆடிப் பார்த்து எழுதுகிறவன் நான். எதை எழுத உட்கார்ந்தாலும் அவன் கேட்டதுதான் முன்னால் வந்து நிற்கிறது. நாம் பட்ட கஷ்டத்தை அடுத்து வருகிறவனும் பட்டுத்தான் ஆக வேண்டுமா? படாவிட்டால் அவனுக்கு அதன் அருமை தெரியாமல் போய்விடுமா?

எங்கள் மணலியில் இதை கேம் ஆடுகிறவர்கள் மட்டும் கேட்பதில்லை. சைக்கிள் மிதித்து ஃபேக்டரிக்குப் போன அப்பாக்கள், பைக் கேட்கும் பிள்ளைகளிடம் இதையேதான் கேட்கிறார்கள்.

எங்கள் தலைமுறைக்கு இந்தக் கேம்கள் இரண்டு வழியாக வந்தன. கொஞ்சம் வசதி இருந்த வீட்டில் டிவி கேம் செட் இருந்தது. பர்மா பஜாரில் வாங்கியது, நின்டென்டோ மெஷினின் நகல். உள்ளே நூற்றுக்கணக்கில் கேம் இருப்பதாகக் கேசட்டின் மேல் அச்சடித்திருப்பார்கள். மாட்டிப் பார்த்தால் அதே கான்ட்ரா வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கும். செட் இல்லாதவர்களுக்கு மார்க்கெட் பக்கம் வீடியோ கேம் கடை. அங்கே எல்லாரும் மொய்த்தது ‘முஸ்தபா’ மெஷினை. காப்காம் 1993இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்பதுதான் அதன் சொந்தப் பெயர். அதில் ஓடிவந்து உதைக்கிற வேகக்காரன் முஸ்தபா. இந்தியா முழுக்கப் பையன்கள் அவன் பெயரையே கேமுக்கு வைத்துவிட்டார்கள்.

பையில் இருப்பது ஒரு ரூபாய். அதனால் ஆடியது கொஞ்சம், வேடிக்கை பார்த்தது நிறைய. ஆடுகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்றபடியே எந்தப் பீப்பாயை உடைத்தால் சாப்பாடு வரும், பாஸ் எப்போது பாய்வான் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். காயின் போடும் முன்பே பாதி கேமைக் கற்றிருப்போம். கஷ்டம்தான் கற்றுக் கொடுத்தது என்று என் தோழன் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் அந்தக் கஷ்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பல ஆர்கேட் மெஷின்களின் பின்கதவைத் திறந்தால், போர்டில் நகக்கண் அளவு ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும். ஒரு காயினுக்கு எத்தனை லைஃப், எதிரிகள் எவ்வளவு முரட்டுத்தனமாக அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைக்காரர் அந்த ஸ்விட்சுகளைத் தள்ளி முடிவு செய்துகொள்ளலாம். வாடகையும் கரண்ட் பில்லும் கட்ட வேண்டியவருக்கு, ஒரு பையன் ஒரே ரூபாயில் ஒரு மணி நேரம் நின்றால் கட்டுப்படியாகாது. நாங்கள் விதி என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்ட பல மரணங்கள் அந்த ஸ்விட்சில் இருந்தன.

கான்ட்ராவுக்கே வருவோம். முதல் ஆர்கேட் கான்ட்ரா 1987இல் வந்தது. அந்த வரிசையில் 1994இல், சேகா மெஷினுக்காக ‘ஹார்ட் கார்ப்ஸ்’ என்று ஒன்றை கோனாமி வெளியிட்டது. ஜப்பானில் விற்ற பதிப்பில் ஒவ்வொரு லைஃபிலும் மூன்று அடி தாங்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் கன்டின்யூ போடலாம். அமெரிக்காவுக்குப் போனபோது அதே கேமில் ஒரு அடிக்கு ஒரு சாவு, கன்டின்யூவுக்கும் வரம்பு. 1991இல் வந்த மூன்றாவது ‘நிஞ்ஜா கைடன்’ கதையும் இப்படியே: கடல் தாண்டியதும் அடி பலமாக விழுந்தது, கன்டின்யூ குறைந்தது. கேசட்டை வாடகைக்கு எடுத்து ஓரிரு நாளில் முடித்துவிட்டால் யார் வாங்குவார்கள் என்ற பயம் அன்றைய அமெரிக்கச் சந்தையில் இருந்தது. ஆக, லைஃப் பார் வைத்த கான்ட்ரா 30 வருஷத்துக்கு முன்பே ஜப்பானியப் பிள்ளைகளின் கையில் இருந்திருக்கிறது. அதனால் அவர்கள் கெட்டுப்போய்விடவும் இல்லை.

டிவி செட்டில் கான்ட்ரா ஆடிய எங்களுக்கு 30 லைஃப் தந்த ரகசிய பட்டன் வரிசை, மேலே மேலே கீழே கீழே என்று தொடங்குவது, அதுவும் கஷ்டத்திலிருந்து தப்பிக்கப் பிறந்ததுதான். கோனாமியில் வேலை பார்த்த கஸுஹிசா ஹஷிமோட்டோ ‘கிரேடியஸ்’ என்ற கேமை வீட்டு மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 1986இல் வந்தது அது. சோதித்துப் பார்க்க உட்கார்ந்தால், தான் செய்த கேமைத் தன்னாலேயே முடிக்க முடியவில்லை. தனக்காக ஒரு குறுக்கு வழி வைத்தார். வெளியிடும்போது அது உள்ளேயே தங்கிவிட்டது, பிறகு கான்ட்ராவுக்கும் வந்தது. 2020இல் அவர் இறந்தபோது உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் அந்த வரிசையை எழுதித்தான் அஞ்சலி செலுத்தினார்கள். கஷ்டத்தை உண்டாக்கியவரே அதிலிருந்து வெளியே ஒரு கதவு வைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

அப்படியானால் கஷ்டமே கூடாதா? அதைச் சொல்ல மாட்டேன். பழைய கான்ட்ராவின் ஆறாவது ஸ்டேஜில் குழாய்களிலிருந்து நெருப்பு பீய்ச்சும். 1969இல் ஓடத் தொடங்கி இன்று சிபிசிஎல் என்று பெயர் மாறியிருக்கும் எங்கள் ஊர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஃப்ளேர் வெளிச்சத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்த ஸ்டேஜ்மேல் தனிப் பிரியம். நெருப்பு வரும், அடங்கும். நின்று அதன் தாளத்தைக் கவனித்தவன் கடந்துவிடுவான், அவசரப்பட்டவன் சாவான். எதிரியின் குண்டும் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில்தான் வரும். செத்தால் ஏன் செத்தோம் என்பது செத்த நொடியிலேயே புரியும். இந்தக் கஷ்டம் நம்மிடம் எதையும் பிடுங்குவதில்லை, நம்மைக் கவனிக்க வைக்கிறது.

26 வருஷ இடைவெளிக்குப் பிறகு 2020இல் வந்த ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4’ இதை அழகாகப் பிடித்திருக்கிறது. பழைய இரண்டாம் பாகத்தில் ஸ்பெஷல் அடி அடித்தால் உடம்பில் ரத்தம் குறையும், குறைந்தது குறைந்ததுதான். புதியதில், குறைந்த ரத்தம் கடன் போல ஓரமாக நிற்கிறது. அடி வாங்காமல் தொடர்ந்து எதிரியை அடித்தால் அது திரும்பக் கிடைக்கும், நடுவில் ஒரு அடி வாங்கினால் மொத்தமும் போய்விடும். பயந்து ஒதுங்குகிறவனுக்கும் நஷ்டம், கண்மூடித்தனமாகப் பாய்கிறவனுக்கும் நஷ்டம். பழைய கேமைவிட இது எளிது என்று யாராவது சொன்னால் அவர் சரியாக ஆடிப் பார்க்கவில்லை என்பேன்.

‘ஆபரேஷன் கலூகா’வில் எனக்குக் குறை லைஃப் பார் இல்லை. வேண்டாதவர்கள் அதை விலக்கிவிட்டு ஒரே அடியில் சாகும்படியும் ஆடலாம். அதில் இருக்கும் கடைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆடி ஆடிச் சேர்த்த கிரெடிட்டைக் கொடுத்துக் கூடுதல் பலம் வாங்கச் சொல்கிறது. கவனித்துக் கடப்பதற்குப் பதிலாகச் சேர்த்துக் கடக்கும் பழக்கம் அது.

இதையெல்லாம் தோழனிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் எனக்கு ஒன்று பட்டது. அவன் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். அவன் அப்பா பர்மனென்ட் தொழிலாளியாக இருந்து ரிட்டையர் ஆனவர். இவனுக்கோ ஒவ்வொரு முறையும் கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் தினமும் வாழ்வதே ஒரு அடிக்கு ஒரு சாவு என்ற ஆட்டத்தைத்தான். ஆனால் வேலையில் அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது, கான்ட்ராவில் தெரியும். அவன் அந்த ஒரு குண்டு விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் பழம்பெருமை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். நேர்மையாகத் தோற்க ஓர் இடம் அவனுக்கு வேண்டியிருக்கிறது.

என் அக்கா மகன் வேறு மாதிரி. ‘ஷினோபி: ஆர்ட் ஆஃப் வெஞ்சன்ஸ்’ 2025 ஆகஸ்டில் வந்தது. ஒரு பாஸிடம் அவன் செத்துக்கொண்டே இருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு புது வித்தை: ஒரு முறை மேலே தாவினான், ஒரு முறை பின்னால் போனான், ஒரு முறை அடிக்காமலே சும்மா ஓடினான். “எதுக்குடா சும்மா ஓடுற?” என்றேன். “என்ன பண்ணுவான்னு பாக்கறேன் மாமா. செத்தா திரும்பப் போலாம்ல?” என்றான். ஒரு ரூபாய் வைத்திருந்த நாங்கள் இப்படிச் செய்திருக்கவே மாட்டோம். முன்னால் ஆடியவன் போன வழியிலேயே போனோம். பற்றாக்குறை எங்களுக்குக் கவனத்தைக் கொடுத்தது உண்மை. கூடவே பயத்தையும் கொடுத்தது. புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும் தைரியத்தை எடுத்துக்கொண்டது.

சுத்திகரிப்பு ஆலைகளில் கன்ட்ரோல் ரூமில் உட்காரப் போகிறவர்களுக்கு சிமுலேட்டரில் பயிற்சி கொடுப்பது உண்டு. பம்ப் நின்றால், அழுத்தம் ஏறினால் என்ன செய்வது என்பதை அங்கே தப்புத் தப்பாகச் செய்து பழகலாம், எதுவும் வெடிக்காது. தவறு செய்யவே கூடாத வேலைக்குப் போகிறவனுக்குத்தான், தவறு செய்ய இவ்வளவு இடம் கொடுத்துப் பழக்குகிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அது ஏன் செல்லம் கொடுப்பதாகிவிடும்?

அக்கா மகனுக்கு இல்லாதது எதுவென்றால், தோளுக்குப் பின்னால் நிற்கிற ஆள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக ஆடுகிறான். எங்களுக்குக் கிடைத்தவற்றில் அவனுக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுவது இது ஒன்றுதான். அதனால்தான் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4’இல் ஒரே டிவி முன்னால் நான்கு பேர் உட்கார்ந்து ஆடலாம் என்பதை என் விமர்சனத்தில் முதல் பத்தியிலேயே எழுதினேன்.

முஸ்தபாவுக்கு மட்டும் அடுத்த பாகம் வரவில்லை. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த ‘ஜெனோஸோயிக் டேல்ஸ்’ காமிக்ஸின் உரிமையை வாங்கிச் செய்த கேம் அது. 2018இல் காப்காம் தன் பழைய அடிதடி கேம்களைத் தொகுத்து வெளியிட்டபோதும் அது அதில் இல்லை. என்றாவது ஒரு புது முஸ்தபா வந்தால் லைஃப் பார் வைக்கட்டும், கன்டின்யூவுக்குக் கணக்கே வேண்டாம். ஆர்கேட்டில் போல மூன்று பேர் ஒன்றாக நின்று ஆட வழி இருக்கட்டும். மாத்தூர்க்காரனையும் அக்கா மகனையும் என் வீட்டுக்கு வரச் சொல்லி, மூன்று பேரும் ஆடி முடித்த பிறகுதான் அதைப் பற்றி எழுதுவேன்.