களர்நிலத்து மான்

புறநானூற்றின் 192ஆம் பாட்டு எல்லாருக்கும் தெரியும். குறைந்தது அதன் முதல் வரியாவது தெரியும். கணியன் பூங்குன்றனார் பாடியது. அதற்கு அடுத்த பாட்டை யாரும் சுவரில் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. நாலே அடி. பாடியவர் ஓரேருழவர். ஈரம் காய்வதற்குள் உழுது முடிக்க ஒற்றை ஏரோடு தவிக்கிற உழவனைக் குறுந்தொகையில் உவமையாகச் சொன்னவர். அந்த உவமையே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது.

பூங்குன்றனார் காட்டுவது ஒரு தெப்பம். மழை பெய்கிறது, ஆறு பாறையில் மோதி இரைகிறது, நீர் போகிற போக்கில் தெப்பம் போகிறது. துடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. உயிரும் அப்படித்தான் என்று தெளிந்தவர், பெரியவரைக் கண்டு வியப்பதுமில்லை, சிறியவரை இகழ்வதுமில்லை.

ஓரேருழவர் காட்டுவது களர்நிலம். எங்கள் பக்கம், தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்புப் பூத்துக் கிடக்கும் தரையில் மத்தியான வெயிலில் நின்றவர்களுக்கு அது விளங்கும். ஒளிந்துகொள்ள ஒரு செடி கிடையாது. அங்கே ஒருவன் ஒரு மானை விரட்டுகிறான். அந்த நிலத்துக்கு அவர் சொல்லும் உவமை, உரித்துத் திருப்பிப் போட்ட தோல். வெளுப்புக்காகச் சொன்னது என்றுதான் வெகுகாலம் வாசித்துவந்தேன். ஒருநாள் சட்டென்று உறைத்தது. மான் ஓடுவதே ஒரு தோலின்மேல். பிடிபட்டால் தான் என்ன ஆகுமோ, அதன்மேல். அந்த மான்கூட ஓடித் தப்பிவிடலாம் என்கிறார். தன்னால் ஆகாது, சுற்றத்தோடு வாழும் வாழ்க்கை காலைக் கட்டுகிறதாம்.

கல்லூரி முடித்த வருஷம் நானும் என் கூட்டாளியும் ஒன்றாகத்தான் பாஸ்போர்ட் எடுத்தோம். அவன் சிங்கப்பூர் போனான். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முட்டி தேய்ந்து பனையேற முடியாமல் போயிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு தங்கச்சிகள். என் பாஸ்போர்ட் தகரப்பெட்டிக்குள்ளேயே காலாவதியானது.

ராத்திரி போனில் அவன் சொல்வான்: "எல்லாம் ஆத்தோட போறதுதாம்ல. நம்மளா முடிவு பண்ணினோம்?" ஆற்றோடு போனவனுக்கு அப்படிச் சொல்ல என்ன கஷ்டம் என்று எனக்கு உள்ளுக்குள் எரியும். ஒருமுறை பேச்சுவாக்கில், "எங்கம்மாவ எடுக்கும்போது நான் இங்க ஷிப்டுல நின்னேன்" என்றான். அதன்பிறகு தெப்பத்தைப் பற்றி அவனிடம் நான் குத்தலாகப் பேசுவதில்லை. தெப்பம் நினைத்த கரையில் நிற்காது என்பது அந்தப் பாட்டில் சொல்லாமலே இருக்கிறது.

காலைக் கட்டுகிறது என்பதற்கு ஓரேருழவர் போட்ட சொல்லுக்குத் 'தளை' நெருங்கிய உறவு. எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஆணியில் தொங்கியது. அப்பாவின் தளைநார். இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம். அது இல்லாமல் அவர் ஒரு பனையும் ஏறி நான் பார்த்ததில்லை. இறங்கி மண்ணை மிதித்ததும், கலயத்தைக்கூட அவிழ்க்காமல், முதலில் குனிந்து அதைத்தான் உருவுவார். அதை மாட்டிக்கொண்டு தரையில் ஓரடி நடக்க முடியாது.