மகரக்கட்டுக்கு முன்

மணப்பாட்டில், திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணற்குன்றின் அடியில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தை நாலு வயதுப் பையன் ஒருவன் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தான். அணியத்தருகே தட்டினால் ஒரு சப்தம்; நடுவில் தட்டினால் வேறொன்று. தட்டுவான், மரத்தில் காதை வைப்பான், கொஞ்சம் நகர்ந்து மறுபடி தட்டுவான். கணக்கு எதுவும் கிடையாது. ஆனால் ஒழுங்கு இருந்தது. ஒரு சப்தம் முழுக்க அடங்கும்வரை அடுத்ததை அவன் தொடவில்லை.

நான் குறுக்கிட்டேன். எதிரே உட்கார்ந்து ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தட்டிக் காட்டினேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டான். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் பாட்டி, "சாருக்கு இன்னொருக்க அடிச்சுக் காட்டு மக்கா" என்றாள். காட்டினான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தான். மரத்தில் காதை வைப்பது நின்றுவிட்டிருந்தது.

அற்ப விஷயம் என்று இதை என்னால் ஒதுக்க முடியவில்லை. அவனுக்கு நான் தாளத்தைக் கொடுத்தேன். கூடவே ஒரு சாட்சியையும் கொடுத்துவிட்டேன். அதுவரை அவனுக்கும் மரத்துக்கும் இடையில் நடந்துகொண்டிருந்த காரியம், அவனுக்கும் எனக்கும் இடையிலானதாக மாறிவிட்டது. குழந்தையின் இசை யாருடையது என்ற கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தக் கரைக்கு இது பழைய கேள்வி. 1542ல் இங்கு வந்த சவேரியார், கையில் மணியோடு ஊர் ஊராக நடந்து பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த ஜெபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். ஜெபம் கற்றுத்தரச் சொல்லி, சாப்பிடவும் தூங்கவும் விடாமல் பிள்ளைகள் தன்னை நச்சரித்ததாக 1544ல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அவர்களை ஈர்த்தது ஜெபத்தின் பொருளா, கூடிச் சொல்வதன் ஓசையா? அந்த வயதில் இரண்டையும் பிரிக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வேட்கை உடனே ஒரு காரியத்துக்கு வாகனமாயிற்று. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது.

ஜெபத்துக்குப் பதில் கலையே காரியமானாலும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை. இதே வட்டாரத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் ஆறு வயதில் சேர்ந்த டி. கே. சண்முகம் பிற்பாடு தமிழ் நாடகத்தின் பெரிய பெயரானார். அவர் போன்றவர்களைக் காட்டியே அந்த முறையை நாம் நியாயப்படுத்துகிறோம். ஆனால் அந்த நாடக உலகமே ஒரு சொல்லையும் வைத்திருந்தது: மகரக்கட்டு. பையனுக்குக் குரல் உடையும் பருவம். பாட்டை நம்பி நடந்த கம்பெனியில், குரல் உடைந்தவனின் வேஷம் இன்னொரு பையனுக்குப் போகும். அதன் பிறகு அவனுக்குப் பாட்டு எங்கே இருக்கும்? கேட்பவர்களின் முகங்களில் மட்டும் இருந்திருந்தால், முகங்களோடு அதுவும் போயிருக்கும். முகங்களைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் தனக்கென்று எதையாவது கேட்டிருந்தால் மட்டுமே மிச்சம்.

கற்பிக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தீண்டப்படாத குழந்தைமை என்பது பெரியவர்களின் சொகுசான கற்பனை. தனியே விட்டிருந்தால் பையனுக்கு வள்ளம் ஒரு வாரத்தில் அலுத்திருக்கும். பேச்சைப் போலவே தாளமும் ராகமும் பிறரிடமிருந்துதான் வந்தாகவேண்டும். கொடுக்காமல் இருப்பதும் ஒரு கருமித்தனம். எனவே, கற்பிப்பதா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. கற்பிக்கிறவன் எங்கே உட்காருகிறான் என்று கேட்கவேண்டும். நான் எதிரே உட்கார்ந்தேன். அதனால் அவன் பார்வை என்மேல் வந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் நானும் மரத்தில் காதை வைத்திருக்கலாம். வள்ளத்தின் அணியத்துக்கும் நடுவுக்கும் சப்தம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று அவனிடமிருந்து தெரிந்துகொண்டிருக்கலாம். அதற்குப் பிறகு எட்டு எண்ணிக்கையைச் சொல்லியிருந்தால், அதையும் அவன் மரத்தில் தேடிப் பார்த்திருப்பான்.

நமக்கும் இதில் பங்குண்டு. நூறு இருநூறு பேர் படிக்கும் பத்திரிகையில் எழுதுவதால் முகங்களிடமிருந்து தப்பிவிட்டதாக நாம் நம்புகிறோம். எண்ணிக்கை குறையக் குறைய முகங்கள் இன்னும் துல்லியமாகத்தான் தெரிகின்றன. இந்த வரிக்கு யார் தலையாட்டுவார், யார் உதட்டைப் பிதுக்குவார் என்று எழுதும்போதே எனக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டே எழுதுகிறேன். மரத்தில் காதை வைத்துக் கடைசியாக எப்போது கேட்டேன் என்றுதான் ஞாபகமில்லை.