எந்தப் பொய்க்காக அவர் வீழ்ந்தார்?

அமெரிக்க ஜனாதிபதி றிச்சர்ட் நிக்சன் ஏன் பதவி இழந்தார் என்று கேட்டால், வாசகர்களே, உங்களில் பலர் உடனே ‘வோட்டர்கேற்’ என்பீர்கள். விடை சரியானதே. ஆனால் மனச்சாட்சியோடு சிந்திப்பவரை நெருடும் ஒன்று அவ்விடையில் உண்டு.

1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் வோட்டர்கேற் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சித் தலைமையகத்துள் புகுந்த ஐவர், ஒட்டுக்கேட்கும் கருவிகளோடு பிடிபட்டனர். அவர்களை நிக்சனே அனுப்பினார் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஆறு நாட்களின் பின், சி.ஐ.ஏ. உளவு நிறுவனத்தைக் கொண்டு எவ்.பி.ஐ. விசாரணையைத் தடுப்பதற்கு அவர் சம்மதித்தார். அவ்வாண்டு நவம்பரில் 50 மாநிலங்களில் 49ஐ வென்ற மனிதருக்கு இந்த மறைப்பு வேலை எதற்கு? எங்கும் எதிரிகளையே கண்ட உள்ளம் அது. வெற்றிகூட அதற்கு மருந்தாகவில்லை. இறுதியில், தமது அறையில் தாமே பொருத்துவித்த ஒலிப்பதிவுக் கருவியே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. 1974 ஆகஸ்ட் 9இல் பதவி விலகினார்.

அந்த ஒலிநாடாக்களின் எழுத்துப் பிரதிகள் வெளிவந்தபோது, அவற்றில் நீக்கப்பட்டிருந்த தூஷண வார்த்தைகளைப் பற்றியே பலர் முகஞ்சுளித்தனர். வெள்ளை மாளிகையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஜோன் மக்லாக்லின் அதற்கும் சமாதானம் கூறினார். வார்த்தைகள் கிடக்கட்டும்.

இதைவிடப் பெரிய பொய்யொன்று இருந்தது. 1969 மார்ச் 18இல் தொடங்கி ஏறத்தாழ 14 மாதங்கள், நடுநிலை நாடான கம்போடியாவின் மீது பி-52 விமானங்கள் இரகசியமாகக் குண்டு வீசின. பறப்புகள் 3,000க்கும் அதிகம். குண்டுகள் தென் வியட்நாமில் விழுந்தனவாக இராணுவப் பதிவேடுகள் பொய்யாக எழுதப்பட்டன. வட வியட்நாம் படைகளின் முகாம்கள் அங்கு இருந்தன என்பது உண்மை. அப்பகுதிகளில் கம்போடியக் குடியானவர்கள் வாழ்ந்தார்கள் என்பதும் உண்மை. இராணுவத் தலைமை அதை அறிந்தே இருந்தது.

சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அந்தத் தராசில் இந்த இரண்டு பொய்களையும் நீங்களே வைத்துப் பாருங்கள்.

1973 ஜூலை 31இல் நிக்சனுக்கு எதிரான குற்றப் பிரேரணையொன்றைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவரும் ஓர் இயேசு சபைக் குருவே: மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வண. பிதா றொபேட் ட்றினன். அவரை உந்தியது வோட்டர்கேற் அல்ல, கம்போடியா. மறு ஆண்டு ஜூலை 30இல் அக்குற்றச்சாட்டு நீதித்துறைக் குழுவின் முன் வந்தது. ஒரு களவை மறைத்ததற்காக ஜனாதிபதியை நீக்கலாம், பெரும் குண்டுவீச்சை மறைத்ததற்காக நீக்கலாகாதா என்று அடிகளார் கேட்டார். ஆதரவு 12, எதிர்ப்பு 26. குற்றச்சாட்டு விழுந்தது.

எதிர்த்தவர்களை வன்னெஞ்சர் என்று நான் சொல்லவில்லை. காங்கிரஸ் தலைவர்கள் சிலருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தது என்றனர். அப்படியானால் பாவம் குறைந்ததா, பாவிகளின் தொகை கூடியதா? நிரூபிக்க இலகுவானதைப் பற்றிக்கொள்வதே விவேகம் என்ற எண்ணமும் இருந்தது. வழக்கறிஞருக்கு அது விவேகமாகலாம். தன் கட்சி அலுவலகம் உடைக்கப்பட்டதை உணர்ந்த சபைக்கு, வாக்குரிமையற்ற அந்நியனின் கூரை உடைந்தது அவ்வளவாக உறைக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பின்வந்த ஜனாதிபதி ஜெரல்ட் ஃபோர்ட், 1974 செப்ரெம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குச் சென்று திரும்பியபின், நிக்சனுக்குப் பூரண மன்னிப்பு வழங்கினார். பாவசங்கீர்த்தனம் இல்லாத பாவமன்னிப்பு! 1969 ஜனவரி 20 முதல் பதவி விலகிய நாள்வரை நிக்சன் புரிந்த, அல்லது புரிந்திருக்கக்கூடிய, குற்றங்கள் யாவும் அதில் அடங்கின. குண்டுவீச்சு நடந்த மாதங்கள் முழுவதும் அந்தக் காலத்துக்குள்ளேயே வருகின்றன. ஆனால் மன்னிப்புப் பத்திரத்தின் வாசகம், ஐக்கிய அமெரிக்காவுக்கு எதிரான குற்றங்களைப் பற்றி மட்டுமே பேசுகின்றது.