கேட்டு வாங்கிய விருந்து

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு ஓட்டலில் இரவுக் கணக்கு பார்ப்பவன் நான். இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்தால் காலை ஏழுவரை முன்கூடம் என் பொறுப்பு. அன்றைய வாடகையெல்லாம் ஏறிவிட்டதா என்று சரிபார்த்து, கம்ப்யூட்டரில் தேதியை மாற்றிவிட்டு, விடிகிற நேரத்தில் வீட்டுக்குப் போவேன். எங்கள் திரையில் ‘விருந்தினர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயர், கார்டு எண், காலி செய்யும் தேதி மூன்றும் இருந்தால்தான் அது நிரம்பும். ஒன்று குறைந்தாலும் சிவப்பாகிவிடும்.

மதுரையில் தத்துவம் படித்தவன் நான். இந்த வேலைக்கு அது ஒரு நாளும் உதவியதில்லை, 2022 கோடையைத் தவிர.

அந்த வருஷம் ஜூன் முதல் தேதி, 2024 குடியரசுக் கட்சி தேசிய மாநாட்டை நடத்த நாங்கள் தயார் என்று ஒப்பந்த வரைவுக்கு எங்கள் நகர மன்றம் ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தது. மேயர் கவலியர் ஜான்சன் ஜனநாயகக் கட்சிக்காரர். 2020 தேர்தலில் இந்த நகரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அந்தக் கட்சிக்கே வாக்களித்திருந்தார்கள். இருந்தும் எதிர்க்கட்சியை ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்று போட்டி போட்டு அழைத்தார்கள். அரங்கம் இது, ஓட்டல் அறைகள் இத்தனை, பஸ்கள் இத்தனை என்று கணக்குக் காட்டுவது ஒரு பக்கம். மாநாடு வந்தால் கோடிக்கணக்கான டாலர் ஊருக்குள் புரளும் என்ற கணக்கு இன்னொரு பக்கம். பாதுகாப்புச் செலவுக்கு மத்திய அரசிடமிருந்து பின்னால் ஏழரைக் கோடி டாலர் வந்தது. எங்கள் ஓட்டல் அறைகளும் நகரம் காட்டிய அறைப் பட்டியலுக்குப் போயின. எண்ணிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஊருக்குப் போன் பேசும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“யாரு வாராக? நம்ம ஆளுகளா?”

“இல்லம்மா. எதிர்க்கட்சி.”

“எதிராளியவா கூப்பிடுறாக? நல்லதுதான். சோறு யாரு போடுறது?”

“அவங்கவங்க காசுல அவங்கவங்க சாப்பிட்டுக்கணும். கடைக்காரங்களுக்கு அதுதான் லாபம்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அவுக காசுல அவுக திங்கிறதுக்கு ஊரு எதுக்குடா ஏலம் கேக்கணும்? அதுக்குப் பேரு விருந்தா?”

எங்கள் ஊர் இளையான்குடிக்குப் பக்கம். அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இளையான்குடி மாறனார் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். செல்வமெல்லாம் கரைந்துபோன பிறகு, மழை கொட்டுகிற ஒரு ராத்திரியில், நனைந்தபடி ஓர் அடியார் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல் வயலில் கிடக்கும், அதை வாரி வந்தால் சமைக்கலாம் என்கிறார் மனைவி. மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் தடவித் தடவி வழி கண்டு போய், மழையில் மிதந்த முளைநெல்லை அள்ளி வருகிறார். விறகு இல்லை என்றதும் கூரையின் வரிச்சுகளை அறுத்துப் போடுகிறார். சமைத்து முடித்து, சாப்பிட எழுப்பினால் வந்தவர் சிவன்; சோதியாக எழுந்துவிடுகிறார். ‘அந்தச் சோத்த அப்புறம் யாரு தின்னா?’ என்று சின்ன வயதில் நான் கேட்டு, அப்பாவிடம் தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

ஆக, மில்வாக்கி செய்தது விருந்தல்ல, வியாபாரம். இப்படித்தான் முதலில் தீர்ப்பு எழுதினேன். எழுதியது நிற்கவில்லை. மாறனார் கதையின் கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். குபேரனே செல்வத்தை ஏந்திக்கொண்டு ஏவல் கேட்டு நிற்பான், என் உலகத்துக்கு வா என்று சிவன் சொல்கிறார். வள்ளுவரின் விருந்தோம்பல் அதிகாரத்திலும் விருந்து போடுகிறவனுக்குத் திருமகள் உண்டு, விளைச்சல் உண்டு, வானுலகில் வரவேற்பும் உண்டு. அவர்களும் பலன் பேசாமல் விடவில்லை. லாபம் வருகிறது என்பதாலேயே விருந்து கெட்டுவிடும் என்றால் நம் நூல்களையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

தத்துவ அறிஞர் கான்ட் 1795-இல் உலக அமைதி பற்றி எழுதிய சிறு நூலில் விருந்தையும் தொடுகிறார். அயல்நாட்டான் ஒருவனுக்கு எங்கேயும் வந்துபோகும் உரிமை உண்டு, பகைவனாக நடத்தப்படாமல் இருக்கும் உரிமை உண்டு. விருந்தினனாகத் தங்கவோ தனியாக ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்கிறார். அவரைப் படித்தால் எங்கள் நகர மன்றம் செய்தது சரியாகவே படுகிறது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறதே.

ஆனால் ஒப்பந்தம் என்றால் மறுக்கவும் முடிய வேண்டும். எங்களோடு கடைசிவரை போட்டியில் இருந்தது டென்னசி மாநிலத்தின் நாஷ்வில். அங்கே ஆகஸ்ட் 2-ஆம் தேதி நகர மன்றம் அந்த வரைவை 22-க்கு 10 என்று நிராகரித்தது. மூன்று நாள் கழித்து மாநாடு எங்களுக்கு என்று முறைப்படி அறிவிப்பு வந்தது. அடுத்த வருஷமே டென்னசி மாநிலச் சட்டமன்றம், 40 பேர் கொண்ட அந்த நகர மன்றத்தை 20 ஆக வெட்டச் சட்டம் போட்டது. மாநாட்டை மறுத்ததற்குப் பழிவாங்கல் என்று ஊரே பேசியது. அந்த வருஷ நகர மன்றத் தேர்தலுக்குள் அது நடப்புக்கு வராமல் நீதிமன்றம் நிறுத்தியது, அது வேறு விஷயம். வரவேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு வீட்டின் சுவரை இடிக்க வருகிறார்கள் என்றால், வருவதாக இருந்தது விருந்தாளி இல்லை. ராஜாக்கள் காலத்தில் அதற்குத் திறை என்று பெயர்.

2020-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டையும் மில்வாக்கி இப்படித்தான் கேட்டு வாங்கியது. ஹூஸ்டனையும் மயாமியையும் முந்தி, ஐம்பதாயிரம் பேர் வருவார்கள் என்று ஊர் முழுக்கத் தயாராகி நின்றது. கொரோனா வந்தது. வேட்பாளரே இங்கே வராமல் டெலவேரில் இருந்தபடி ஏற்புரை நிகழ்த்தினார். எங்கள் ஓட்டலில் அந்த வாரம் மாடி மாடியாக விளக்கு அணைந்து கிடந்தது. சமைத்த சோற்றுக்கு ஆள் இல்லை. அப்போது மட்டும் அப்பாவின் குட்டு ஞாபகம் வந்தது.

   

2024 ஜூலை 15-இலிருந்து 18 வரை மாநாடு நடந்தது. அரங்கத்தைச் சுற்றி உயரக் கம்பி வேலி. எதிர்பார்த்த கூட்டம் இந்தப் பக்கம் வரவில்லை என்று உணவகக்காரர்கள் அந்த வாரமே புலம்பினார்கள். எங்கள் ஓட்டல் நிறைந்திருந்தது. என் திரையில் ஒரு கட்டம்கூடச் சிவப்பில்லை.

அதற்கு முன் பல மாதங்களாக ராத்திரி இரண்டு மணிவாக்கில் எங்கள் ஓட்டலுக்கு ஒருவர் வருவார். அறுபது வயதிருக்கும். குளிர்காலத்தில் ஒரு காபி, கோடையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். பெயர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மாநாட்டின் முதல் ராத்திரியும் வந்தார். அறைச் சாவி இல்லாத யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அன்று எங்களுக்கு உத்தரவு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். நான் உள்ளே நின்று கையை ஆட்டினேன், ‘இந்த வாரம் வேண்டாம்’ என்று. பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். உத்தரவு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, முன்கூடத்தில் டை கட்டிய நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பகல், அரங்கத்திலிருந்து ஒரு மைல் தூரத்தில், கிங் பார்க் பக்கம் கூடாரத்தில் வாழ்ந்த ஒருவரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் எங்கள் ஊர்ப் போலீஸ் அல்ல, மாநாட்டுக் காவலுக்காக ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸிலிருந்து வந்தவர்கள். இரண்டு கையிலும் கத்தி வைத்துக்கொண்டு இன்னொருவரை நெருங்கினார் என்றது போலீஸ். எங்களைத் தெரிந்த போலீஸாக இருந்தால் பேசியிருப்பார்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். செய்தி வந்தபோது நான் தூங்கி எழுந்திருந்தேன். வயது எத்தனை என்றுதான் முதலில் தேடினேன். நாற்பத்து மூன்று. என் ஆள் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கின பிறகுதான் ‘என் ஆள்’ என்று சொன்னது உறைத்தது. கதவுக்கு வெளியே நிறுத்தியபோது அவர் யாருடைய ஆளாக இருந்தார்?

விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை. புதிதாகப் படைக்கும் நூலையே தொல்காப்பியர் விருந்து என்கிறார். யாரென்று தெரியாமல் வருகிறவர் விருந்து. மாறனாருக்கும் பலன் கிடைத்தது, ஆனால் நெல்லை வாரப் போகும்போது வந்திருப்பது யாரென்று அவருக்குத் தெரியாது. ஏலம் கேட்கிற நகரத்துக்கு வருகிறவர் யார், எத்தனை பேர், எத்தனை ராத்திரி, எல்லாமே தெரியும். லாபத்தைக்கூட மன்னித்துவிடலாம். இந்தத் தெரிதல்தான் எனக்கு உதைக்கிறது. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வேலி கட்டியபோது, தேர்ந்தெடுக்காதவர்கள் எல்லாரும் தானாகவே வெளிப்பக்கம் ஆகிவிட்டார்கள்.

நவம்பரில் முதல் பனி விழுந்த ராத்திரி அவர் மறுபடி வந்தார். நானே போய்க் கதவைத் திறந்தேன். காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“உங்க விருந்தாளிங்க எல்லாரும் போயாச்சா?”