தண்ணீர் தந்தவருக்கு என்ன பதில்?

சுண்ணாம்புக்குளம் என்கிற பெயரிலேயே வேதியியல் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பொடியாகும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் சந்தா கட்டியதில்லை.

ஆனால் ஒரு ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் காரீயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று அளந்து எழுதும் கட்டுரைகள் பலவும் கட்டணச் சுவருக்குப் பின்னால்தான் வெளியாகின்றன. அந்த மீனைத் தின்பது ஏரிக்கரை ஜனம். ஆய்வுச் செலவு பெரும்பாலும் மக்கள் வரிப்பணம். முடிவு மட்டும் யாருடையது?

2024 நவம்பரில் ஒன்றிய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்லதுதான். ஆனால் சாவி அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு ஊரோடு இருக்கும் மீனவப் பெண்ணுக்குக் கதவு திறக்காது.

“அப்போ இலவசமா ஒரு இதழ் ஆரம்பிச்சிடலாமே?” ஆரம்பிக்கலாம். அங்கேயும் ஒரு பொறி உண்டு. வாசகரிடம் வாங்காத காசை எழுதுபவரிடம் வாங்குவார்கள். திறந்த அணுக்கத்தில் வெளியிட ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று 2020இல் நேச்சர் அறிவித்தது. வேறு வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் பைல்ஷ்டைன் நிறுவனம் 2005 முதல் நடத்தும் கரிம வேதியியல் இதழில் இரு தரப்புக்கும் கட்டணமில்லை. செலவை நிறுவனமே ஏற்கிறது.

காசில்லாவிட்டால் தரமும் இருக்காது என்பார்கள். பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரி பொதுதான், ஆனால் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பொது என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை என்று அர்த்தமில்லை. இலவச இதழிலும் சக ஆய்வாளர்கள் கட்டுரையைச் சலித்துத்தான் விடுகிறார்கள். அதே பாட்டில் இடம் கிடைக்காதவர்களும் உண்டு, அதனால் சண்டைகளும் வந்திருக்கின்றன. ஆகவே பொது என்றதுமே, யார் யாருக்கெல்லாம் பொது என்று கேட்டுவிட வேண்டும்.

“திறந்தே வெச்சாலும் எல்லாம் இங்கிலீஷ், அவங்களுக்கு என்ன புரியும்?” நியாயமாகத் தோன்றும் கேள்வி. நம் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் நமக்கு முழுசாகப் புரிவதில்லை. அதற்காக லேப்காரர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா? அறிக்கை கையில் இருந்தால் புரிந்தவரிடம் காட்டலாம். ஏரியின் அறிக்கையும் அப்படித்தான். பள்ளி ஆசிரியரிடம் காட்டலாம், வழக்கறிஞரிடம் கொடுக்கலாம், பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுவோடு சேர்க்கலாம். கையில் இல்லாத தாளை எங்கேயும் நீட்ட முடியாது.

நாளை ஒரு நீர்வேதியியல் இதழ் தொடங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் கட்டணத்தை எடுத்துவிடட்டும். கூடவே, மாதிரி எடுத்த ஊரின் மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் இல்லாமல் எந்தக் கட்டுரையையும் ஏற்பதில்லை என்று ஒரு விதியும் வைக்கட்டும். தண்ணீர் தந்தவருக்கு அவ்வளவாவது பாக்கி இருக்கிறது.