பார்க்காத புத்தகமும் ஒரு சிறு காசும்

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குப் போன ஓர் ஆணுக்கு, நாள் முழுக்க மண் வெட்டினால் கிடைத்தது ஒரு ராத்தல் தானியம், அவ்வளவுதான். அதற்கு அடிக்குறிப்பும் போட்டிருந்தேன். வில்லியம் டிக்பி, 1878, தொகுதி எண், பக்க எண்.

அந்தப் புத்தகத்தை நான் பார்த்ததே இல்லை.

இன்னொருவர் நூலில் அந்த அடிக்குறிப்பு இருந்தது. அங்கிருந்து எடுத்தேன். எடுத்த இடத்தைச் சொல்லாமல் நேராக டிக்பியின் பெயரைப் போட்டேன். அப்போது அது தப்பு என்றே தோன்றவில்லை. ஆய்வேட்டுக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் செய்கிறார்கள். மூல நூலின் பெயர் இருந்தால் பக்கத்துக்கே ஒரு கனம் வந்துவிடுகிறது.

போன வருடம் ஒரு கல்லூரி மாணவி மின்னஞ்சல் அனுப்பினாள். "அக்கா, நீங்க சொன்ன பக்கத்துல அந்த விஷயமே இல்லையே. நான் வேற பதிப்பு எதையாவது பாக்கணுமா?"

இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் நான் படித்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன்.

டிக்பி இணையத்திலும் கிடைக்கிறார். வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம், முதலில் அதைத்தான் செய்தேன். 'ஒரு ராத்தல்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தட்டினேன். ஏகப்பட்ட இடங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் என் வாக்கியத்துக்குச் சாதகமான அரை வரி. பழைய அச்சைக் கணினி தப்பாகப் படித்த இடங்கள் வரவே இல்லை. நான் என்ன கேட்டேனோ அதை மட்டும் அது எனக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. கேட்கத் தெரியாத ஒன்று அங்கே இருந்தால் அது என் கண்ணில் படப்போவதில்லை.

நூலகத்திலும் ஆரம்பம் சரியில்லை. கணினிப் பட்டியலில் டிக்பி இல்லை. வயதான நூலக ஊழியர் ஒருவர் என்னைப் பழைய அட்டைப் பெட்டிகளுக்கு அழைத்துப்போனார். "கம்ப்யூட்டர்ல ஏறாத புக்கு நிறைய இருக்கும்மா. நீங்க பஞ்சம்னு மட்டும் தேடாதீங்க. மெட்ராஸ்னு பாருங்க, சானிட்டரினு பாருங்க, சென்சஸ்னு பாருங்க. அந்தக் காலத்து ஆபீஸ்காரன் எந்தத் தலைப்புல ஃபைல் போட்டிருப்பான்னு யோசிங்க."

எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது. பசியால் செத்தவர்கள் 'பசி' என்ற தலைப்பின் கீழ் இருக்க மாட்டார்கள். சுகாதார அறிக்கையில் இருப்பார்கள், மக்கள்தொகைக் கணக்கில் இருப்பார்கள், கால்வாய் வெட்டிய செலவுக் கணக்கில் இருப்பார்கள். பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதியில் ஒரு துண்டு 1877, 78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்களைத் தேட வேண்டுமானால் பொதுப்பணிக் கோப்புகளுக்குத்தான் போக வேண்டும்.

டிக்பியின் இரண்டு தொகுதிகளும் வந்தன. பின் அட்டையில் ஒட்டியிருந்த தேதித் தாளில் நான் பிறப்பதற்கு முந்தைய தேதிதான் கடைசி. கூலி பற்றிய பகுதியைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் தன் பிரதிநிதியாக ரிச்சர்டு டெம்பிளை அனுப்புகிறார். செலவைக் குறைக்க வந்த டெம்பிள் கூலியைக் குறைக்கிறார். ஆணுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியம். அதோடு ஒரு சிறு காசு.

அதோடு ஒரு சிறு காசு. உப்பு, மிளகாய் போன்ற மற்ற தேவைகளுக்கு. என் வாக்கியத்தில் அது இல்லை. 'அவ்வளவுதான்' என்று நான் எழுதியிருந்தேன்.

அன்று சாயங்காலம் கேன்டீனில் சிநேகிதியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "அந்தக் காசுல என்னடி பெருசா வாங்கியிருப்பான்? விலை எல்லாம் எங்கயோ போயிடுச்சு. டெம்பிள் பண்ணது கொடுமைதானே? நீ இப்ப வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்கப் போறியா?"

நியாயமான கேள்வி. அந்தக் காசைச் சேர்த்தாலும் டெம்பிளின் குற்றம் குறையாது. மெட்ராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அப்போதே அதை எதிர்த்து எழுதினார்: உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தலாவது வேண்டும், காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று. 1877இலேயே மெட்ராஸ் அரசு கூலியை ஓரளவு உயர்த்தவும் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் ஆண்ட பகுதிகளில் மட்டும் அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இவ்வளவு பெரிய கொடுமைக்கு முன்னால் ஒரு சில்லறைக் காசு எந்த மூலைக்கு?

ஆனா அந்தக் காசு டெம்பிளுடையது இல்லையே. அதை வாங்கியவருடையது. வரிசையில் நின்று, வாங்கி, முந்தானையிலோ வேட்டி மடிப்பிலோ முடிந்துகொண்டவருக்கு அது கணக்கு. இன்றைக்கு உப்பா மிளகாயா என்று அதை வைத்துத்தான் யோசித்திருப்பார். டெம்பிள் அவர்களுடைய கூலியை ஒருமுறை குறைத்தார். என் வாக்கியம் பலமாக நிற்க வேண்டும் என்பதற்காக நூற்று நாற்பது சொச்சம் வருடம் கழித்து நான் இன்னொருமுறை குறைத்திருக்கிறேன். அவர்கள் பக்கம் நின்று பேசுகிறேன் என்ற நினைப்பிலேயே அதைச் செய்தேன். அதுதான் எனக்கு உறுத்தியது.

சரி, அப்படியென்றால் எல்லா மூலத்தையும் நேரில் பார்த்த பிறகுதான் எழுத வேண்டுமா? முடியாது. சின்ன ஊர்க் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் நுழையவே துறைத்தலைவர் கடிதம் வேண்டும். ஒருவர் கண்டுபிடித்ததை நம்பித்தான் இன்னொருவர் மேலே போக முடியும். நம்புவதில் தப்பில்லை. நம்பினேன் என்பதை மறைத்ததுதான் தப்பு. 'இன்னாருடைய நூலின் வழியாக' என்று மூன்று சொல் சேர்த்திருந்தால் போதும், அந்த மாணவி எங்கே போய்த் தேடுவது என்று தெரிந்துகொண்டிருப்பாள். அடிக்குறிப்பு என்பது சாட்சி சொல்வது. நான் போனேன், பார்த்தேன், நீயும் போய்ப் பார்க்கலாம் என்கிறது. போகாமல் அதைச் சொன்னால், உள்ளே இருக்கும் தகவல் உண்மையாகவே இருந்தாலும், அது பொய்ச்சாட்சிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பார்த்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். டிக்பி யார்? மெட்ராஸ் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியர், பஞ்ச நிவாரண நிதிக் குழுவிலும் பொறுப்பில் இருந்தவர். அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. கார்னிஷ் ஏழைகளுக்காகப் பேசினார். அவரும் அதே அரசில் சம்பளம் வாங்கிய அதிகாரி.

டெம்பிளைப் பற்றித் தேடப் போய் அதே தட்டில் பக்கத்தில் இருந்த ஒரு நூலைப் புரட்டினேன். 1873, 74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள்தான் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, மிகக் குறைந்த சாவுகளோடு அதைக் கடக்க வைத்தார். அதற்காக அவருக்குக் கிடைத்தது கண்டனம்: தேவைக்கு மேல் செலவு செய்துவிட்டார் என்று. மூன்று வருடம் கழித்து சிக்கனக்காரராக மெட்ராஸ் வந்தது அதே மனிதர். காப்பாற்றத் தெரியாதவர் இல்லை, தெரிந்தவர். இது அவரை மன்னிக்க வைக்கவில்லை. எனக்கு இன்னும் அதிகமாகப் பயத்தைக் கொடுத்தது. என் கட்டுரையில் இருந்த வில்லனைவிட இந்த ஆள் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார். மேலே இருப்பவர்கள் திட்டுவார்களே என்று பயந்து கையைச் சுருக்கிக்கொண்ட அதிகாரியை நம் ஊர் அலுவலகங்களிலும் பார்க்கிறோம்.

இதை நான் தேடவில்லை. தேடத் தெரிந்திருக்கவும் மாட்டேன். பக்கத்தில் இருந்ததால் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் வேண்டும் என்பது. வாசகருக்கு நூல் வேண்டும் என்பது புரிகிறது. நூலுக்கு வாசகர் எதற்கு என்று முன்பெல்லாம் நினைப்பேன். அந்தத் தேதித் தாளைப் பார்த்தபோது புரிந்தது.

எங்கள் பாட்டி ஊர் சேலம் பக்கம். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 19.7 லட்சம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள், பெயரில்லாமல். அவர்களில் யாரும் என் கட்டுரையைப் படித்து 'இது தப்பு' என்று சொல்லப்போவதில்லை. மறுத்துப் பேச முடியாதவர்களைப் பற்றி எழுதும்போதுதான் நாம் யார் என்று தெரிகிறது.

கட்டுரையைத் திருத்தினேன். என்ன தப்பு, எப்படி வந்தது என்று கீழே ஒரு பத்தி சேர்த்தேன். ஒன்றிரண்டு பேர் பாராட்டினார்கள். ஒருவர், இதையெல்லாம் வெளியே சொல்லி நம் வாதத்தை நாமே பலவீனப்படுத்தலாமா என்று கேட்டார். மாணவிக்கு சரியான பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன்.

அவள் மன்னிப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு வரியில் பதில் வந்தது. "அக்கா, 77ல அந்தக் காசுக்கு சேலம் சந்தைல எவ்வளவு உப்பு கிடைச்சிருக்கும்?"

வர்ற திங்கட்கிழமை நூலகத்துக்குப் போகிறேன். இந்தத் தடவை விலைப்பட்டியல் என்று தேட வேண்டும்.